கறுப்புப் பாசி

தூறல் விழுந்தபோது அருள்ராணி கறுப்புப் பட்டைக்கு அப்பால் இருந்தாள்.

நார்த்தாமலைப் பாறை முழுக்கச் சாம்பல் நிறம். மழைநீர் வழியும் தடங்களில் மட்டும் கறுப்புப் பட்டைகள் ஓடும். அது கறை அன்று, பாசி. "காஞ்சு செத்தது மாதிரி கெடக்கும். தண்ணி பட்டா உயிர் வந்துரும்" என்று முந்தின நாள் வகுப்பில் சொன்னவள் நான்தான். வேலைக்கு வந்து மூன்று மாதம். என் குரல் இரண்டாம் பெஞ்சைத் தாண்டாது. கடைசி பெஞ்சு அருள்ராணிக்கு இது மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது.

பள்ளியிலிருந்து மலை பார்க்க வந்த மற்றப் பெண்கள் சுனையோரம் புளிச்சோற்றைப் பிரிக்க, அவள் அப்பால் தடிப்பாகத் தெரிந்த பாசியைச் சுரண்டி எடுக்கக் கரண்டியும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாகச் சரிவில் இறங்கியிருந்தாள். போகும்போது பட்டை காய்ந்திருந்தது. நாலே எட்டு, கடந்துவிட்டாள்.

இப்போது அது மினுங்கியது. திரும்பி வரக் கை ஊன்ற வேண்டுமென்று பாட்டிலை அதன்மேல் வைத்தாள். பாட்டில் நழுவியது. உடைந்த சத்தம் வெகுநேரம் கழித்துக் கீழே கேட்டது.

"வாரேன் டீச்சர்" என்று வெறுங்காலை வைத்தாள். சாமி மலை என்று எல்லோரும் செருப்பை அடிவாரத்தில் விட்டிருந்தோம். கால் வழுக்கியது. பின்னால் சாய்ந்து பாறையைப் பற்றிக்கொண்டாள்.

"அங்கயே இரு" என்றேன்.

"எனக்கே கேக்கல டீச்சர்" என்றாள் என் முதுகுக்குப் பின்னால் கண்ணம்மை.

ஆள் கூட்டி வர ஒரு மணி நேரமாகும். மழை வலுத்தால் அவள் நிற்கும் இடத்திலும் தண்ணீர் இறங்கும். காலேஜ் ஹாஸ்டல் கிணற்றடி நினைவுக்கு வந்தது. பாசி பிடித்த கல்லில் சாக்கு விரித்துத்தான் நின்று குளிப்போம்.

"அருள்ராணி, தாவணியக் கழட்டு" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பினார்கள். "ரெண்டாக் கிழி. கால்ல சுத்து."

"தாவணியையா டீச்சர்?"

"ஆமா. இங்க ஆடுதான் பாக்குது."

பல்லால் கிழித்தாள். நான் பட்டையின் ஓரத்தில் உட்கார்ந்து கை நீட்டினேன். கண்ணம்மை என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"கீழ பாக்காத. அழுத்தி வை."

ஒரு எட்டு. இரண்டு. மூன்றாவதில் இடதுகால் துணி அவிழ்ந்தது.

"நில்லு. அந்தக் காலத் தூக்காத. உக்காரு. கைய ஊணி நகரு."

உட்கார்ந்தாள். ஒரு சாண் சறுக்கினாள். அவள் மணிக்கட்டு என் கைக்குள் வந்தது.

கண்ணம்மை தன் துண்டை அவள் தோளில் போர்த்தினாள். "டீச்சருக்கு இம்புட்டுத் தொண்ட இருக்காடி?"

"பாட்டில் போச்சு டீச்சர்" என்றாள் அருள்ராணி. அவள் காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தேன். பாசி அப்பியிருந்தது, பச்சையாக.

"தப்பு எம்மேலதான்" என்றேன். "உயிர் வரும்னு சொன்னேன். வழுக்கும்னு சொல்லல."

பிறகு எல்லோரையும் வரிசையில் நிறுத்தினேன். கடைசிப் பெண் முப்பதடி தள்ளி நின்றாள்.

"கறுப்புல யாரும் கால வைக்கக் கூடாது. கேக்குதா?"

கடைசிப் பெண் கை தூக்கினாள்.