கம்பெனி கொடுத்த குறடு

ஜெராக்ஸ் மெஷின் பழுதுபார்க்கும் அவனிடம் இரண்டு மடக்குக் குறடுகள் இருந்தன. விரித்தால் குறடு, மடிப்புக்குள் கத்தி, திருப்புளி, ரம்பம். நடைபாதைக் கடையில் மலிவாக வாங்கியது சட்டைப் பையில் கிடக்கும். மற்றது பீரோவில், அவனுடைய காலுறைகளுக்கு அடியில் இருந்தது. அதன் விலை அவன் சம்பளத்தில் கால் பங்கு. தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், வேலைக்கு எடுத்துப்போகவே அவனுக்கு மனம் வரவில்லை. மனைவியிடம் கம்பெனியில் கொடுத்தார்கள் என்று சொல்லிவைத்திருந்தான்.

மனைவி நம்பிவிட்டாள். மாமியார்தான் சிக்கல். வெகுகாலம் இரும்புச் சாமான் கடை நடத்தியவள். ஒருநாள் அதைக் கையில் வாங்கி, விரித்து, மடக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல கம்பெனிதான் மாப்பிள்ளை" என்று திருப்பிக் கொடுத்தாள். செய்த கம்பெனியைச் சொன்னாளா, கொடுத்த கம்பெனியைச் சொன்னாளா என்று அவனுக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு தாயும் மகளும் சமையலறையில் குரலைத் தாழ்த்திப் பேசினாலே குறட்டைப் பற்றித்தானோ என்று அவன் காதைத் தீட்டிக்கொண்டான்.

மனைவி வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் மாமியார் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டாள். கதவின் கைப்பிடி சும்மா சுற்றியது. பூட்டின் நாக்கு அசையவில்லை. கொஞ்ச நாளாகவே அது தகராறு செய்துகொண்டிருந்தது. தச்சரைக் கூப்பிடலாம் என்று மனைவி சொன்னபோதெல்லாம், இதற்கு எதற்கு ஆள், நானே பார்க்கிறேன் என்று தள்ளிப்போட்டவன் அவன்தான்.

"பதறாதீங்க மாப்பிள்ளை," என்றாள் உள்ளேயிருந்து. பிறகு சற்றுத் தயங்கி, "சர்க்கரைக்கு ஊசி போட்டுட்டேன். இன்னும் சாப்பிடல" என்றாள்.

ஊசி போட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும் என்று அவனுக்குத் தெரியும். கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது என்பதால் கீல்கள் அவன் பக்கம் இருந்தன. ஆணிகளை உருவினால் கதவைக் கழற்றிவிடலாம். பையிலிருந்த குறட்டால் மேல் கீலின் ஆணியைக் கவ்வி முறுக்கினான். பெயிண்டில் இறுகிப்போன ஆணி அசையவில்லை; குறட்டின் வாய்தான் கோணிக்கொண்டது. மறுபடி அழுத்தியபோது பிடி மடங்கி உள்ளங்கைச் சதையைக் கிள்ளிவிட்டது.

பேசிக்கொண்டே இருக்கச் சொன்னான். வேர்க்கிறது என்றாள். அவள் நாக்கு குழறத் தொடங்கியிருந்தது.

"அந்தக் கம்பெனி கொடுத்ததை எடுங்களேன்."

பீரோவுக்கு ஓடினான். முதல் ஆணியைக் கவ்வும்போதுகூட, பளபளப்பில் கீறல் விழுமே என்று ஒரு கணம் மனசு அடித்துக்கொண்டது. அந்த நினைப்புக்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆணி கிறீச்சென்று திரும்பி மேலே வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதை உருவும்போது உள்ளேயிருந்து பதில் வருவது நின்றுபோயிருந்தது.

கதவைப் பெயர்த்துச் சாய்த்தான். மாமியார் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது, முகம் வெளுத்திருந்தது. சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினான். அவள் அவன் பெயரைச் சொல்லி, போதும் என்று டம்ளரைத் தள்ளியபோதுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

தகவல் கேட்டு மனைவி ஓடிவந்தாள். அம்மாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அடங்கிய பிறகு, மேஜைமேல் கிடந்த இரண்டு குறடுகளையும் பார்த்தாள். கம்பெனி கொடுத்தது நன்றாக உழைத்திருக்கிறதே என்றாள்.

"கம்பெனி கொடுக்கல. நான்தான் வாங்கினேன்," என்று சொல்லி, விலையையும் சொன்னான்.

அவள் அதை எடுத்து விரித்து, மடக்கிப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, "நீ சொல்லும்மா. இது அவ்வளவு பெறுமா?" என்றாள்.

"என்னைக் கேக்காதே. உள்ள மாட்டிக்கிட்டிருந்தவ நான். என்ன விலை சொன்னாலும் எனக்குக் கம்மியாத்தான் தெரியும்."

மறுநாள் தச்சர் வந்து பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு சாதாரணத் தாழ்ப்பாளைப் பொருத்தினார். அதற்கு ஆன செலவை மனைவி அவனிடம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.