தரைக்கு நாலு விரல் மேலே

முக்கூடலில் ஆற்றங்கரைப் பள்ளியின் அறிவியல் கூடத்தில், கை தவறிய கண்ணாடி தரையைத் தொடுவதில்லை. சோதனைக் குழாயோ பீக்கரோ, தரைக்கு நாலு விரல் மேலே நின்றுகொள்ளும். தவறவிட்ட பிள்ளை குனிந்து எடுத்துக்கொள்ளும். காஜா முகைதீன் சார் வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து இப்படித்தான். திருநெல்வேலியிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் ஒரு குழாயைப் போட்டுப் பார்த்துவிட்டு, கூடத்தின் மின்விசிறியை மட்டும் மாற்றச் சொல்லிப் போனார். சார் இதைப் பெரிதாகப் பேசியதில்லை. புவியீர்ப்புப் பாடத்துக்கு மட்டும் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்க் கல்லைப் போட்டுக் காட்டுவார்.

அவர் ஓய்வு பெற்று, மறுவருஷம் மௌத்தாகி அடக்கமானபின், அவரிடம் படித்த ஜெபகனியே அந்த வேலைக்கு வந்தாள். சார் தொட்டவை என்று ஒவ்வொன்றையும் துடைத்து வைத்தாள்; ஞாயிறு கோயிலில் அவற்றுக்காக ஜெபமும் செய்தாள். பிள்ளைகளிடம், "சார் கைபட்ட சாமான்லே இது. உடைச்சா தொலைச்சிருவேன்" என்று சொல்லிவைத்தாள். முதல் வாரமே குழாய்கள் விழுந்து நொறுங்கின. ஆடி பிறப்பதற்குள் அலமாரி பாதி காலி. அதிசயம் சாரோடு கபரஸ்தானுக்குப் போய்விட்டது என்று டீக்கடையில் முடிவாயிற்று. சார் விட்டுப்போனது தன் கையில் அழிகிறதே என்று ஜெபகனிக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் சாரின் மனைவி ஹமீது பீவியிடம் போய் அழுதாள். மீன் அலசிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார். சார் சேர்ந்த புதிதில் பலவேசம் என்ற பையன் அடிக்குப் பயந்து, உடைந்த குழாயைக் கைக்குள் பொத்தி மறைத்தானாம். மணியடிக்கும்வரை ரத்தம் சொட்டியதாம். அதற்கப்புறம் எது விழுந்தாலும் சாரின் பார்வை முதலில் பிள்ளையின் கைக்குத்தான் போகும்.

"நீ சாமானைப் பாக்கே, தாயி. அவுஹ ஒருநாளும் சாமானைப் பாத்ததில்ல."

திங்கட்கிழமை, எட்டாம் வகுப்பு ஃபர்ஹத், சார் வருஷக்கணக்காக உப்புக் கரைத்த பெரிய பீக்கரைத் தண்ணீரோடு நழுவவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். ஜெபகனியும் கீழே பார்க்கவில்லை. ஓடிவந்து அவளுடைய உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள்.

"ஏளா, கையில பட்டுச்சா?"

"இல்ல டீச்சர்."

"அப்பொ எதுக்கு அழுத? கண்ணாடிதான, போனா போவுது."

உடைந்த சத்தமே கேட்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. பீக்கர் தரைக்கு நாலு விரல் மேலே, ஒரு சொட்டும் சிந்தாமல் நின்றது.

"டீச்சருக்கும் வந்துட்டுலே," என்றான் பின்வரிசையில் ஒருவன்.

ஜெபகனி அதை எடுத்து மேசையில் வைத்து, உப்பைப் போட்டுக் கலக்கச் சொன்னாள். புவியீர்ப்புப் பாடத்துக்கு இப்போது அவளும் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்குத்தான் கூட்டிப்போகிறாள்.