செய்திக்குப் பின்னால் நடப்பவர்

கணினி, தொலைபேசி, தொலைக்காட்சி மூன்றையும் முதல்முறையாக ஒரே கூடத்தில் வைத்த கண்காட்சியின் முதல் நாள், காலை பதினொன்றே காலுக்கு, ஒயர்மேன் கம்பிக்குள் போனார். கம்பியின் தோலைப் பல்லால் உரிப்பது அவர் வழக்கம். கட்டிங் பிளையர் சும்மா இடுப்பில் தொங்கும். கரண்டு ஒருநாள் உங்களை முழுங்கத்தான் போகிறது என்று மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தாள். அன்று மூன்று கம்பெனிக்காரர்களும் என் லைன்தான் முதலில் என்று நெருக்க, ஒரே இணைப்பில் முடித்துவிடலாம் என்று மூன்று முனைகளையும் சேர்த்துக் கடித்தார். தலை போனது, தோள் போனது, கடைசியாகக் கால்கள். செருப்பு இரண்டும் ஏணிப்படியில் நின்றன. பார்த்த நாற்பது பேரும் ஏணியை விட்டுப் பின்வாங்கினார்கள். விற்பனைப் பெண் ஒருத்தி மட்டும் கையிலிருந்த விளக்கத்தாளை முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தாள். எதிரே பெரிய திரையில், பாடகிக்குப் பின்னால், அவர் வெறுங்காலோடு நடந்து போனார்.

மனைவி வந்து செருப்பை வாங்கிக்கொண்டாள். அழுகை வரவில்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். கண்காட்சிப் பொறியாளர், எல்லா இடத்திலும் என்றார்.

அவள் வீட்டைத் தவிர. ஊருக்கெல்லாம் லைன் இழுத்தவர், சொந்த வீட்டுக்கு அடுத்த வாரம் என்று ஒன்பது வருடம் சொல்லியிருந்தார். "அக்கா, மாமா எங்க வீட்டுக்கு வந்திருக்காரு, ஓடியாங்க" என்று தெருவில் குரல் வரும். அவள் போய்ச் சேர்வதற்குள் விளம்பரம் வந்துவிடும். கைப்பேசிகள் வந்தபின் அடுத்தவர் உள்ளங்கைகளிலும் அவர் நடந்தார். பதினோரு வருடம் அவள் அப்படி ஓடினாள்.

பன்னிரண்டாம் வருடம் அவள் தம்பி லைன் இழுத்து, ஒரு டிவியும் வைத்துக் கொடுத்தான். மதியச் செய்தியில் அவர் வந்தார். செய்தி வாசிப்பவரைத் தாண்டி முன்னால் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. அவளைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"எவன் போட்ட ஜாயின்ட் இது? டேப்பே சுத்தல."

"உங்க மச்சினன்தான்."

"அதானே பாத்தேன். மெயினை அணைச்சிட்டு நீயே சுத்து."

"அணைச்சா நீங்க போயிடுவீங்களே."

"போட்டா வர்றேன்."

அவள் அணைத்தாள். டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினாள். சுவிட்சில் விரலை வைத்தாள். போட்டாள். அவர் அதே இடத்தில் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

"தரையெல்லாம் சுடுது" என்றார்.

அவள் பீரோவிலிருந்து செருப்பை எடுத்து டிவிப் பெட்டிக்குக் கீழே வைத்தாள். மறுநாள் காலை அது அங்கே இல்லை. எதிர்வீட்டில் அவரைப் பார்த்தவர்கள், இன்றைக்குக் காலில் செருப்பு போட்டிருந்தார் என்றார்கள்.