பச்சை வண்டியும் வெள்ளை வண்டியும்

அடைக்கப்பச் செட்டியார் தன் ஆயுளில் புது வண்டி வாங்கியதே இல்லை. மலேசியாவில், கிள்ளான் ஊரில் அவருக்கு இரும்புச் சாமான் கடை இருந்தது. ஜெஞ்சாரோமில் கொஞ்சம் எண்ணெய்ப்பனை இருந்தது. வசதிக்குக் குறைவில்லை. ஆனாலும் அவர் ஓட்டிய மோரிஸ் மைனர் மூன்று கை மாறி அவரிடம் வந்தது. வீட்டுத் தையல் மிஷின், கடை நாற்காலி, மின்விசிறி எல்லாமே யாரோ உபயோகித்து விற்றவை.

"புதுசுன்னு உலகத்துல ஒண்ணும் கிடையாதுடா. கடைய விட்டு வெளிய வந்த நிமிஷமே அது பழசுதான்" என்று மகனிடம் சொல்வார்.

மகன் ராமுவுக்கு இருபத்து மூன்று வயது. ஒரே பிள்ளை. ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் மிஷின்களைப் பராமரிக்கும் வேலை. பத்து தீகா என்ற ஊரின் பந்தயத் திடலில் கார் பந்தயம் நடந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கேதான் கிடப்பான். காது அடைத்துப்போய், முகம் கறுத்து வீடு திரும்புவான். பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் நசீருதீன் என்பவர் பழைய கார்கள் விற்றுக்கொண்டிருந்தார். அங்கே ஆறு வருஷம் ஓடிய செலிக்கா என்ற பச்சை நிற ஜப்பான் கார் ஒன்று நின்றது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை. ராமு அதை வாங்கித் தரும்படி இரண்டு முறை கேட்டுவிட்டான்.

"ரெண்டு கதவு வண்டியில உங்க ஆத்தா எப்படிடா குனிஞ்சு ஏறுவா?" என்று இரண்டு முறையும் செட்டியார் மறுத்துவிட்டார்.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். மே மாதத்திலிருந்தே ராமுவுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. கையில், தொடையில், இடிபடாமலே ரத்தம் கட்டியதுபோல் நீலத் திட்டுகள் தோன்றின. ஜூன் மாதம் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்து எல்லாச் சோதனையும் செய்தார்கள். டாக்டர் இராமலிங்கம் செட்டியாரை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"ரத்தத்துல புற்று. ரத்தம் ஏத்தி, மருந்து கொடுத்து கொஞ்ச நாள் தள்ளலாம். தீபாவளியத் தாண்டுறது கஷ்டம்."

செட்டியார் மேசை மேலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். அதில் ஜூன் மாதம்தான் இருந்தது.

"பையன்கிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்லிக்கிறேன் டாக்டர்" என்றார்.

சொல்லவில்லை. ரத்தசோகை என்று ராமுவிடம் சொன்னார். மனைவி நாச்சம்மையிடமும் அதையேதான் சொன்னார். அவளிடம் சொன்னால் அவள் முகமே பிள்ளைக்குச் சொல்லிவிடும் என்று பயந்தார்.

ரத்தம் ஏற்றியதும் ராமு தெளிந்துவிட்டான். கன்னத்தில் நிறம் வந்தது, வேலைக்கும் போக ஆரம்பித்தான். டாக்டர் பொய் சொன்னாரோ என்று நினைக்கும்படி இருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது செட்டியார் கேட்டார்:

"அந்தப் பச்சை வண்டி இன்னும் நிக்குதா?"

ராமு ஈரக் கையோடு அப்படியே நின்றான். "நிக்குது அப்பச்சி. காலையிலகூட அந்தப் பக்கமாத்தான் வந்தேன்."

"சட்டையப் போடு. போய்ப் பாத்துட்டு வருவோம்."

நசீருதீன் சாவியைக் கொடுத்தார். ராமு ஓட்ட, செட்டியார் பக்கத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். ஃபெடரல் ஹைவேயில் ஏறியதும் வண்டி சீறியது. ராமு கியரை மாற்றும்போது உதட்டைக் கடித்துக்கொண்டான். சின்ன வயதில் பட்டம் விடும்போதும் அப்படித்தான் கடிப்பான். செட்டியார் சாலையைப் பார்க்கவே இல்லை.

"கேக்குதா அப்பச்சி? அந்தச் சத்தம்?"

"கேக்குது, கேக்குது. மெல்லப் போ."

திரும்பி வந்து நின்றபோது, இதையே எடுத்துக்கொள்வோம் என்று சொல்லத்தான் செட்டியார் வாயைத் திறந்தார். அதற்குள் நசீருதீன் வியாபாரத்தை முடிக்கும் ஆசையில் முந்திக்கொண்டார்.

"யோசிக்காதீங்க செட்டியாரே. ஒரு வருஷம் தம்பி ஆசை தீர ஓட்டட்டும். அப்புறம் வேணாம்னா நானே திருப்பி எடுத்துக்கிறேன் லா."

ஒரு வருஷம்.  கொஞ்ச காலத்துக்கு என்று ஒரு பழைய வண்டி. அதை வாங்கினால் டாக்டர் சொன்னதற்குத் தானே கையெழுத்துப் போட்டது போல் ஆகும் என்று தோன்றியது. புது வண்டி வாங்குகிறவன் பத்து வருஷத்தை நினைத்து வாங்குகிறான். பிள்ளைக்குப் பத்து வருஷம் இருக்கிறது என்று யாராவது நம்ப வேண்டும். யாரும் இல்லையென்றால் தானாவது.

"பழசு வேணாம் ராமு. புதுசா எடுப்போம்" என்றார்.

ராமு சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். அவன் சிரிக்கவில்லை. திறந்திருந்த கார்க் கதவின் மேல் கை வைத்தபடி அப்பாவையே பார்த்தான். அவன் முகத்திலிருந்த சந்தோஷம் மெல்ல வடிந்துகொண்டிருந்தது.

அன்றைக்கே கோலாலம்பூரில் உள்ள ஷோரூமுக்குப் போனார்கள். புது மாடல் செலிக்கா வெள்ளை நிறத்தில் விளக்கு வெளிச்சத்தில் நின்றது. சீன விற்பனையாளர் படங்கள் போட்ட புத்தகத்தை விரித்துக் காட்டி, "ஆர்டர் போட்டா மூணு மாசம் துங்கு லா, முதலாளி. ஜப்பான்லருந்து வரணும்" என்று அரைகுறைத் தமிழும் மலாயுமாகச் சொன்னார்.

மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். செட்டியார் மனதுக்குள் மாதங்களை எண்ணினார். செப்டம்பர் கடைசி. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எந்த நிறம் வேண்டும் என்று கேட்டதற்கு ராமு, "எதுவானாலும் சரி" என்றான். கடைசியில் செட்டியாரே வெள்ளை என்று சொன்னார்.

மோரிஸில் திரும்பும்போது ராமுதான் ஓட்டினான். பெட்டாலிங் ஜெயா தாண்டியதும் கேட்டான்.

"டாக்டர் என்ன சொன்னாரு அப்பச்சி?"

"சொன்னேனே. ரத்தசோகை."

"ரத்தசோகைக்கா புது வண்டி?"

செட்டியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க எனக்குப் பள்ளிக்கூடப் புத்தகம்கூடப் புதுசா வாங்கினதில்ல" என்றான் ராமு. குரலில் கோபம் இல்லை. "அப்பச்சி, எனக்குப் பழசு போதும். நசீர் அங்கிள் கடை இன்னும் திறந்திருக்கும். இன்னைக்கே எடுத்துரலாம். மூணு மாசம் வேணாம்."

"ஏண்டா வேணாம்? மூணு மாசத்துல உனக்கு என்ன ஆயிடும்?" செட்டியார் கத்திவிட்டார். "அப்பன் ஆசையா வாங்கித் தரேன்னா பெரிய மனுஷன் மாதிரி பேசிட்டு வர்றே. பேசாம ரோட்டப் பாத்து ஓட்டு."

"சரி அப்பச்சி" என்றான்.

அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ரத்தம் ஏற்றினால் வரும் தெம்பு முதலில் இருபது நாள் நின்றது, பிறகு பத்து நாள். ஆகஸ்டில் தொழிற்சாலையில் மயங்கி விழுந்தான். மறுபடியும் ஆஸ்பத்திரி. கட்டிலோரத்தில் உட்கார்ந்து அவன் மெலிந்த மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்த செட்டியார் சட்டென்று எழுந்து, கடைக்குப் போய் வருவதாக நாச்சம்மையிடம் சொல்லிவிட்டு நேராகப் பிரிக்பீல்ட்ஸ் போனார்.

பச்சை வண்டி நின்ற இடத்தில் ஒரு லோரி நின்றது.

"வித்துட்டேன் செட்டியாரே" என்றார் நசீருதீன். "போன வெள்ளிக்கிழமை ஈப்போ ஆளு ஒருத்தர் எடுத்துட்டுப் போனார்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"தம்பிதானே விக்கச் சொல்லுச்சு!"

செட்டியாருக்குப் புரியவில்லை. நசீருதீன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். செட்டியார் உட்காரும்வரை காத்திருந்து பேசினார்.

"வாரா வாரம் சனிக்கிழமை வந்துரும். சாவிய வாங்கிட்டு பாங்சார் வரைக்கும் போயிட்டு வரும். சில நாள் ஓட்டாம சும்மா உள்ள உக்காந்திருக்கும். ஒருநாள் நானே சொன்னேன். தம்பி, எடுத்துட்டுப் போ, பணத்த மெல்லக் கொடு, உங்க அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்னு. அதுக்கு..." நசீருதீன் நிறுத்திவிட்டார்.

"சொல்லுங்க."

"'புதுசுக்குக் காத்திருக்காம இதை எடுத்தா, என் நிலைமை எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அப்பச்சிக்குத் தெரிஞ்சிரும் அங்கிள், அவங்க தாங்கமாட்டாங்க.' அப்படின்னுச்சு. வேற யாருக்காவது வித்துடுங்க, பாத்துட்டே இருந்தா ஆசையா இருக்குன்னுச்சு."

  நசீருதீன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். செட்டியார் டம்ளரைக் குடிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

திரும்பும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாய்க்குள்ளேயே பேசிப் பார்த்தார். என்னை மன்னிச்சிரு ராமு. உனக்காக வாங்கல, எனக்காக வாங்கினேன். இப்படித்தான் சொல்ல நினைத்தார். வார்டுக்குள் நுழைந்தபோது நாச்சம்மை ஆரஞ்சுச் சுளைகளில் கொட்டையை நீக்கிவிட்டு ஒவ்வொன்றாக மகன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கடைக்கா போனீங்க அப்பச்சி?" என்று ராமு கேட்டான்.

"ஆமா."

"ஷோரூம்லருந்து போன் வந்துச்சா?"

அவன் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. எதையும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்பது போல.

"வந்துச்சு" என்றார் செட்டியார். "வண்டி கப்பல்ல ஏத்திட்டாங்களாம்."

"நல்லது" என்று ராமு கண்ணை மூடிக்கொண்டான்.

செப்டம்பர் கடைசி வாரத்தில் வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று செட்டியாரிடம் மட்டும் சொல்லி, ராமுவை அதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். விற்பனையாளரே வண்டியைக் கிள்ளானுக்கு ஓட்டி வந்து, வாசலில் நிறுத்தி, சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். இருக்கைகளில் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

செட்டியார் மகனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். பத்து வயதுப் பையனின் கனம்தான் இருந்தான். இரண்டு கதவு வண்டிக்குள் அவனை இறக்குவது சிரமமாக இருந்தது. தலை இடிக்காமல் ஒரு கையை மேலே கொடுத்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். ராமு ஸ்டியரிங்கைத் தடவினான். கியர்க் கம்பியைப் பிடித்தான். இடது காலால் கிளட்சை மிதித்தான். அது இறங்கவில்லை. இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் மிதித்தான். நெற்றியில் வேர்த்தது. கால் நடுங்கியது. கிளட்ச் பாதிவரை இறங்கித் திரும்ப மேலே வந்துவிட்டது.

"கிளட்ச் ரொம்ப டைட்டா இருக்கு அப்பச்சி" என்றான் மூச்சு வாங்க. "புதுசுல்ல. போகப்போகச் சரியாயிடும்."

"ஆமாய்யா" என்றார் செட்டியார். "போகப்போகச் சரியாயிடும்."

இன்ஜினை மட்டும் ஓட விட்டு ராமு கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டான். பிறகு சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, படுக்க வேண்டும் என்றான்.

ஒன்பதாவது நாள் காலையில் இறந்துபோனான். தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

காரியங்கள் எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு ஒரு பகல் வேளையில் நாச்சம்மை கூடத்தில் வந்து செட்டியாருக்கு எதிரே உட்கார்ந்தாள். பல நாளாக அவள் சரியாகப் பேசியிருக்கவில்லை.

"டாக்டரைப் போய்ப் பாத்தேன்" என்றாள். "ஜூன் மாசமே உங்ககிட்ட சொல்லிட்டாராமே."

செட்டியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரத்தசோகைன்னீங்க. நானும் நம்பி, தினம் ஈரல் வறுத்து வச்சேன். அவனுக்கு அந்த வாடையே ஆகாது. குமட்டுதுன்னு அழுவான். சாப்பிடாம எப்படிடா ரத்தம் ஊறும்னு மூக்கப் பிடிச்சு ஊட்டினேன். ஒருநாள் துப்பிட்டான்னு அடிச்சேன். இருபத்து மூணு வயசுப் பிள்ளைய, கன்னத்துல அடிச்சேன். அவன் ஒண்ணும் சொல்லாம மறுபடி வாயத் திறந்தான்."

அவள் அழவில்லை. 

"எனக்குச் சொல்லியிருந்தா அந்த நாலு மாசமும் அவன் கேட்டதையெல்லாம் செஞ்சு கொடுத்து மடியில வச்சுட்டிருந்திருப்பேன். இப்ப யோசிச்சா அவனுக்கும் தெரிஞ்சிருக்கு, உங்களுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அப்படித்தானே?"

 "நான் நெனச்சேன்..." என்று செட்டியார் ஆரம்பித்தார். 

நாச்சம்மை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். வழக்கம்போல் சமைத்தாள், இலை போட்டாள், பரிமாறினாள். குழம்பு போதுமா, மோர் வேண்டுமா என்பதற்கு மேல் அவள் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். செட்டியார் அன்று சாப்பிட்டு எழுந்து கடைக்குப் போனார். வாசலில் நின்ற வெள்ளை வண்டியைச் சுற்றிக்கொண்டு, மழையில், குடையை விரிக்காமல் நடந்து போனார்.