சக்களத்தித் தொட்டி

“அதுல கை வைக்காதீங்க!”

பிளக்கைப் பிடுங்கப் போன தையல்காரியின் கை அந்தரத்தில் நின்றது.

திரும்பினாள். வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு பெண். முப்பது, முப்பத்தைந்து இருக்கும். தோளில் பை. மூச்சு வாங்கியது. கூடத்தின் நடுவில் வெள்ளைத்துணி போர்த்திக் கிடந்தவரை அவள் இன்னும் பார்க்கவே இல்லை. பார்வை நேராகச் சுவரோரத் தொட்டியில் போய் ஒட்டியிருந்தது.

“நிறுத்தினா பவளமெல்லாம் செத்துடும்...” என்று ஆரம்பித்தவள், அப்போதுதான் கீழே பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

யார் இவள்? சாவு வீட்டுக்கு வந்து மீன் தொட்டிக்குப் பரிந்து பேசுகிறவள்?

தொட்டி சுவர் முழுக்க நீண்டிருந்தது. உள்ளே உப்புத் தண்ணீர், நீல விளக்கு, பவளங்கள், இரண்டு மூன்று மீன்கள். கீழே மர அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி, பம்ப், குழாய்கள். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அவள் புருஷன் தன் கையாலேயே கட்டியது. வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர், அதன் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார். தையல்காரி அதற்கு வைத்த பெயர் சக்களத்தி.

சக்களத்தி சும்மாவும் இருக்கமாட்டாள். மேல் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே கீழே இறங்கும்போது காற்றையும் சேர்த்து விழுங்கும். கொளக், கொளக் என்று யாரோ ஓயாமல் வாய் கொப்பளிப்பது போலச் சத்தம். ‘உங்க சனியனால ராத்திரி பூரா தூக்கமே இல்லை!’ அவருக்குக் காலைக் காப்பியே இந்த வசனத்தோடுதான் கிடைக்கும். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கவனிக்க ஆளில்லாமல் சத்தம் இன்னும் கூடிவிட்டது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியாக ஒரு பகல். அதிலாவது அவர் தனக்கு மட்டும் சொந்தமாக இருக்கட்டும் என்றுதான் பிளக்கைப் பிடுங்கப் போனாள். அதற்கும் ஒருத்தி வந்து நிற்கிறாள்.

“நான் மீன் கடைங்க. சார் எங்ககிட்டதான் வாங்குவாரு. தண்ணி வத்தியிருக்கும், அதான் இந்தச் சத்தம். ஒரு நிமிஷம்.”

யாரையும் கேட்காமல் அலமாரியைத் திறந்தாள். ஓரத்தில் இருந்த கேனை எடுத்துத் தண்ணீரை ஊற்றினாள். பிறகு, பார்க்காமலே, கையை உள்ளே விட்டு எதையோ மெல்லத் திருகினாள்.

சத்தம் நின்றது.

இத்தனை வருஷம் இந்தக் கூடத்தைக் கூட்டித் துடைத்தவளுக்கு அந்தத் திருகு இருப்பதே தெரியாது. இவளுக்குத் தெரிந்திருக்கிறது! அதுவும், அவர் முழங்காலுக்காகப் போட்டு வைத்திருந்த ரப்பர் விரிப்பில், அதே இடத்தில், இவள் முழங்கால்.

“யாருடி இது?” அக்காக்காரி காதைக் கடித்தாள்.

“பவளக்காரி,” என்றாள் தையல்காரி.

பவளக்காரியை அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். அக்காவும் ஒட்டிக்கொண்டாள்.

“இந்த வீட்டுக்கு முன்னாடி வந்திருக்கியா?”

“இல்லக்கா. சார் போட்டோ காட்டிக் காட்டி, எந்தக் குழாய் எங்கன்னு எனக்கு மனப்பாடம்.”

“போட்டோவா? அவருக்கு எங்க கல்யாண போட்டோவையே நான்தான் தேடி எடுத்துக் காட்டணும். உங்கிட்ட என்ன பேசுவாரு?”

“சத்தம்தான்கா.”

“என்னது?”

“கடைக்கு வர்றவங்க எல்லாம் எந்தக் கலர்ல பவளம் இருக்குன்னு கேப்பாங்க. சார் வந்தா சத்தத்தை எப்படிக் குறைக்கிறதுன்னுதான் பேச்சு. ‘வீட்ல தூக்கம் கெடுதும்மா, எதாவது பண்ணு’ம்பாரு. ராத்திரி எழுந்து ஃபோன்ல பதிவு பண்ணி அனுப்புவாரு. எந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு நான் சொல்லணும்.”

ஃபோனைத் தேய்த்துத் தேடி எடுத்தாள். “இதோ, கேளுங்க.”

கொளக், கொளக். அதற்குப் பின்னால் பம்பின் ரீங்காரம். அதற்கும் பின்னால், தூரத்திலிருந்து, கர்ர்ர்... புஸ்ஸ். கர்ர்ர்... புஸ்ஸ்.

“கடைசியா வருது பாருங்க, அது மட்டும்தான் என்னன்னே பிடிபடல. பம்பை மாத்தினோம். அடியில ரப்பர் வச்சோம். ஊஹூம். விட்டு விட்டு வருது. மோட்டார் அப்படிக் கத்தாது.”

அக்காக்காரியின் கண்கள் விரிந்தன. “ஏண்டி, இது உன்...”

தையல்காரி அவள் தொடையில் கிள்ளிய கிள்ளில் பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே போயிற்று. தையல்காரியின் காது மடல் சுட்டது. கட்டின புருஷனையும் கூடப்பிறந்தவளையும் தவிர வேறு யாரும் கேட்டிராத சத்தம். அதை இவள் கடையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். எத்தனை தடவையோ!

“அப்புறம்?” குரலை இறுக்கிக்கொண்டு கேட்டாள்.

“ஒரு நாள் வந்தாரு. ஒரே சிரிப்பு. ‘கண்டுபிடிச்சிட்டேம்மா’ன்னாரு. எங்கிருந்து சார்னு கேட்டேன், சொல்லவே மாட்டேன்னுட்டாரு. ‘குழாயை மட்டும் பாரு. அதை ஒண்ணும் பண்ண வேணாம், அது நின்னாதான் எனக்கு முழிப்பு வந்துடுது’ன்னாரு.” ஃபோனைப் பைக்குள் போட்டாள். “அது என்னக்கா? உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது,” என்றாள் தையல்காரி.

சாயங்காலம் அவரைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்து, குளித்து, நாற்காலிகளை அடுக்கினார்கள். பவளக்காரி போகும்போது, வாரம் ஒரு தரம் வந்து தொட்டியைப் பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். “எப்படிப் பாக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடு. போதும்,” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள் தையல்காரி.

கொழுந்தன் சோபாவில் சாய்ந்தபடி, “இப்பதான் அண்ணி வீடு வீடா இருக்கு. பம்ப் ஓடுதா இல்லையான்னே தெரியல. அண்ணன் இருந்தப்ப இப்படி இருந்திருந்தா நீங்களும் நிம்மதியா தூங்கியிருப்பீங்க,” என்றான்.

“நீ போய்ப் படுடி கொஞ்ச நேரம்,” என்றாள் அக்கா.

படுத்தாள். கதவு திறந்தே கிடந்தது. கூடத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. விசிறி சுற்றுவது கேட்டது. தெருவில் யாரோ வண்டியை மிதித்துக் கிளப்புவது கேட்டது. மூடின கண் மூடினபடி நிற்கவில்லை.

எழுந்து வந்தாள். கொழுந்தன் வாயைப் பிளந்து உறங்கியிருந்தான். முழங்கால் போட்டு, அலமாரியைத் திறந்து உள்ளே கையை விட்டாள். ஈரமான குழாய்கள். துழாவி, அந்தத் திருகைப் பிடித்து, பவளக்காரி திருகியதற்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பினாள்.

கொளக்.

இன்னும் கொஞ்சம்.

கொளக், கொளக்.

“மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சா சனியன்?” அடுப்படியிலிருந்து அக்கா கத்தினாள்.

“ஆமாக்கா.”

எழுந்திருக்கக் கையை ஊன்றியபோதுதான் கவனித்தாள். ரப்பர் விரிப்பில் அவர் முழங்கால் பதிந்த இரண்டு பள்ளங்கள். அவள் முழங்கால்களுக்கு அவை கொஞ்சம் தள்ளித் தள்ளி இருந்தன. முழங்கால்களை எட்ட நகர்த்தி அவற்றில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.