பதினாறு பார் மௌனம்

ஒத்திகை ஆறரைக்கு என்றால் ஆறேகாலுக்கே நாற்காலியில் இருக்க வேண்டும், வாத்தியம் கையில் இருக்க வேண்டும். இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ளக்கூட இந்தக் கூட்டத்துக்கு வக்கில்லை என்பது சர்வேயரின் தீர்மானம். நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும், ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் அந்த பேண்டில் அவருக்கு அதுதான் பெயர். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில், சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்து, கிளாரினெட்டை மடியில் கிடத்தி, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் முறைத்துக்கொண்டிருப்பார்.

டிராம்போன் வாசிக்கிற பல் டாக்டர் ஏழு மணிக்கு எதையோ மென்றுகொண்டே வருவார். ஊர் வாயையெல்லாம் சுத்தம் செய்கிற மனுஷர்! புல்லாங்குழல் அக்காவும் தங்கையும் பேண்ட் மாஸ்டர் வாயைத் திறந்த பிறகுதான் தங்கள் வீட்டுக் கதையைத் திறப்பார்கள். மாஸ்டர் மட்டும் என்ன வாழ்ந்தது? பகலெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு வருகிறவர். பாட்டு வேகமெடுத்தால் கையிலிருக்கும் கோலை மறந்துவிட்டு வலது காலால் தரையை ஓங்கி மிதிப்பார். பிரேக்காம்.

இத்தனைக்கும் மேலே பேக்கரிக்காரி. அவருக்குப் பக்கத்து நாற்காலி அவளுக்கு. நகக்கண்ணில் மாவோடு வருவாள், அவருடைய தாளையே எட்டிப் பார்த்து வாசிப்பாள், அதில் பென்சிலால் கோழி கிளறினாற்போல் எதையாவது கிறுக்கியும் வைப்பாள். "பேண்டில் நடந்துகொள்ளும் முறை" என்று பத்தொன்பது விதிகளை டைப் அடித்துக் கதவில் ஒட்டினாரே, அதில் பாதி அவளுக்காகவே எழுதியது. அவளோ நின்று படித்துவிட்டு, "அருமையா எழுதியிருக்கீங்க சார்" என்றாள். அசடு.

தொல்லை ஒரே இடத்தில்தான் வந்தது. ஊர் விழாவில் வாசிக்கப்போகும் பெரிய பாட்டின் நடுவே கிளாரினெட்டுகளுக்குப் பதினாறு பார் மௌனம். நான்கு தட்டு ஒரு பார். பதினாறையும் மனசுக்குள் எண்ணி முடித்து எல்லோரும் சேர்ந்து எடுக்க வேண்டும். அதன்பின் எட்டு பார் சர்வேயர் ஒருவருக்கே, தனி வாசிப்பு. பதினோரு வருஷம் காத்திருந்து கைக்கு வந்த எட்டு பார். மகள் இரண்டு ரயில் மாறி அதைக் கேட்க வருவதாக இருந்தாள்.

ஆனால் வாராவாரம் கிளாரினெட் பக்கத்திலிருந்து ஒரு பார் முன்னதாகவே சத்தம் கிளம்பியது. மாஸ்டர் பிரேக்கை மிதிப்பார். "கிளாரினெட், கொஞ்சம் எண்ணுங்க."

சர்வேயர் பக்கவாட்டில் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். பேக்கரிக்காரி உடனே கையைத் தூக்கிவிடுவாள். "சாரி மாஸ்டர், நான்தான்."

"பதினாறு வரைக்கும் எண்ணத் தெரியாதாம்மா உனக்கு? பன்னை டஜன் கணக்குல எப்படித்தான் விக்கிறியோ!"

"கவனமா இருக்கேன் சார்."

போன வாரமும் அதே கூத்து. மாஸ்டர் யார் முகத்தையும் பார்க்காமல், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அந்த எட்டு பாரையும் புல்லாங்குழலுக்குக் குடுத்துடலாம்னு பாக்குறேன்" என்று கோலைத் துடைத்தார். ஒத்திகை முடிந்து வெளியே காரைத் திறக்கப்போன மாஸ்டரைச் சர்வேயர் மடக்கினார்.

"ஒண்ணு அவ, இல்ல நான். அவளைத் தூக்கிக் கடைசி வரிசையில போடுங்க. யாரோ பண்ற தப்புக்கு நான் ஏன் தண்டம் கட்டணும்?"

மாஸ்டர் சாவிக்கொத்தைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். "அவங்க அங்க இருந்தாத்தான் உங்களுக்கு நல்லது சார்."

"எனக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும்."

"சரி. உங்க இஷ்டம்."

இந்த வாரம் பக்கத்து நாற்காலி காலி. பேக்கரிக்காரி தன் பையோடு கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். சர்வேயர் கையை அகட்டி உட்கார்ந்தார். அவளுடைய கிறுக்கல்களை ரப்பரால் அழித்து, தூளை ஊதித் தள்ளினார். அப்பாடா, பீடை விட்டது.

பாட்டு தொடங்கியது. டிராம்போன் இழுத்துப் பிடித்து ஓய்ந்தது. மௌனம் வந்தது. இந்த மந்தையிலே எண்ணத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தபடியே அவர் எண்ணினார். பதினாறு முடிந்தது. மூச்சை இழுத்துக் கம்பீரமாக எடுத்தார்.

அவருடைய கிளாரினெட் மட்டும்தான் ஒலித்தது. அவருக்கு அப்பாலிருந்த மற்ற இரண்டு கிளாரினெட்காரர்களும் அப்போதுதான் வாத்தியத்தை உதட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். மாஸ்டரின் கால் தரையை மிதித்தது.

ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. பல் டாக்டர் தன் தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அக்காவும் தங்கையும்கூடப் பேசவில்லை. சர்வேயருக்குக் காது மடல் சுட்டது. இத்தனை வாரமும் இவர்கள் இப்படித்தான் குனிந்துகொண்டார்களா? தாமதமாக வந்து, மென்று, வம்பளக்கிற இந்தக் கூட்டமா தன்மேல் இரக்கப்பட்டது?

"கிளாரினெட்..." என்று மாஸ்டர் ஆரம்பித்தார்.

"சாரி மாஸ்டர், நான்தான்." குரல் பின்னாலிருந்து வந்தது.

சர்வேயர் திரும்பினார். கடைசி வரிசைக்காரர்களுக்குப் பாட்டின் அந்தப் பகுதி முழுக்க வாசிப்பே கிடையாது. பேக்கரிக்காரி ஒரு கையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உயர்த்தியிருந்தாள். அவள் மடியில், விரித்த துணியின்மேல், துடைப்பதற்காகக் கழற்றிய கிளாரினெட் நான்கு துண்டாகக் கிடந்தது.