சுடுதண்ணீர் உபயம்

ஹட்டன் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் சுந்தரலிங்கம் முதலாளிக்கு மனச்சாட்சி வந்தது சுடுதண்ணீரால். மனிதர் அதுவரை நிம்மதியாகத்தான் இருந்தார்.

வீட்டுக் குளியலறையில் ஹீட்டர் பூட்டிய நாளிலிருந்து ஆவி பறக்கக் குளிப்பார். அவர் குளித்து முடித்ததும் மனைவி சிவகாமசுந்தரி ஒரு வாளி சுடுதண்ணீர் பிடித்து, வேலைக்கு வரும் நாகலெட்சுமிக்குக் கொடுப்பாள், பாத்திரம் கழுவ. தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, பனியில் நடந்து வருகிறவள், வெடித்துப்போன கைகளை முதலில் அதில் முக்கி "அப்பாடா" என்பாள். நாள் முழுக்க அவளுக்குக் கிடைத்த சுகம் அது ஒன்றுதான்.

ஒருநாள் முதலாளி அதைப் பார்த்துத் தொலைத்தார். நெஞ்சு கனத்துவிட்டது. "ஐயோ, இவளுக்கு ஒரு வாளி, எனக்கு ஒரு தாங்கி நெறையவா? லயத்துல எத்தனை சனம் பச்சத்தண்ணியில நடுங்குது! இனி சுடுதண்ணி என் மேல பட்டா நான் மனுசனே இல்ல!"

அன்றே ஹீட்டரை நிறுத்தினார். கடைக்கு வந்தவர்களிடம் சேலையை விரிப்பதற்கு முன் தன் பச்சைத்தண்ணீர்க் குளியலை விரித்தார்.

நாகலெட்சுமியின் வாளியிலும் இப்போது பச்சைத்தண்ணீர். கை விறைத்து இரண்டு கோப்பையை உடைத்துவிட்டாள்.

"மொதலாளி, அந்தச் சுடுதண்ணி…" என்று தொடங்கினாள்.

"நன்றியெல்லாம் சொல்லாத. ஒனக்காகத்தான் விட்டுட்டேன்."

"இல்லைங்க, நிப்பாட்டாம இருந்தீங்கன்னா எனக்கும்…"

"பேசாத நாகலெட்சுமி, எனக்கு அழுகை வருது." உண்மையாகவே வந்தது.

ஒரு வாரத்தில் தடிமனும் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே யோசித்தார். விட்டால் போதாது, கொடுக்கவும் வேண்டும். ஹீட்டரைக் கழற்றி நாகலெட்சுமியின் லயத்துக்கே தானம் செய்துவிட்டார். லயத்துச் சனம் குளிப்பது பீலியில், அதாவது மலையிலிருந்து வரும் தண்ணீர் கொட்டுகிற இடத்தில். அங்கே ஒரு தூண் கட்டி, ஹீட்டரை மாட்டி, பீலித் தண்ணீரை அதற்குள் விட்டு, ஒரு குழாயும் வைத்தாயிற்று. ஹீட்டரைவிடப் பெரிய பலகையில் "உபயம்" என்று போட்டு அவர் பெயர்.

தோட்டத் தலைவர் செல்லசாமி அவர் காதோரம் குனிந்தார். "மொதலாளி, பீலிக்குக் கரண்டு இல்லைங்களே."

"மனசு இருக்குல்ல தலைவரே? கரண்டு பொறகு வரும்."

மாலை மரியாதையோடு திறப்புவிழா நடந்தது. குழாயைத் திருகும் கௌரவம் நாகலெட்சுமிக்கு. எலும்பைக் குத்துகிற தண்ணீர் அவள் கையில் கொட்டியது. உடம்பெல்லாம் நடுங்கினாள். ஆனந்தத்தில் நடுங்குகிறாள் என்று நினைத்து முதலாளி கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

"மொதலாளி," என்றாள் அவள், "எனக்கு அந்த ஒரு வாளி போதுமுங்க. முந்தி மாதிரி."

காரில் ஏறியதும் முதலாளி மனைவியிடம் உருகினார். "கேட்டியா, ஒரு வாளி போதுங்கிறா. என்னா மனசு!" பாவம் தொலைந்ததில் அவருக்கு உடம்பே லேசாகிவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே புது ஹீட்டர் வாங்கினார். பழையதைவிடப் பெரிது.

அது பூட்டியதும் ஆசைதீரக் குளித்துவிட்டு வெளியே வந்தவர், சிவகாமசுந்தரி வாளியோடு உள்ளே போவதைப் பார்த்தார்.

"யாருக்கு?"

"நாகலெட்சுமிக்குங்க. பாவம், கையெல்லாம் வெடிச்சிருக்கு."

"அவளுக்கு எதுக்கு நம்ம தண்ணி?" என்றார் முதலாளி, கோபமே இல்லாமல். "அவங்களுக்குத்தான் சொந்தமா ஒண்ணு குடுத்திருக்கோமே."